உப்புக் காற்றும் உருக்குக் குண்டுகளும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், சோழகக் காற்று உரத்து வீசிய ஒரு காலைப்பொழுது. முதற் பாடம் முடிந்து இரண்டாம் பாடத்துக்கு மணியும் அடித்துவிட்டது. அப்பொழுதுதான் எமது வகுப்பு மாணவன் ஒருவன் வாயிலில் வந்து நின்றான். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கைகள் இரண்டிலும் கறளும் கறுத்த கிறீசும் அப்பியிருந்தன. முன் சில்லைத் தரையிற் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின் சில்லை மாத்திரம் உருட்டியவாறு இரண்டு மைல் தூரம் நடந்து வந்திருக்கிறான்.

“சில்லு இறுகிப் போச்சு, சேர். தள்ளினாலும் உருளுதில்லை” என்றான்.

அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தகப்பனார் கடற்றொழிலாளி. மேற்குக் கரையிலே சோழகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். கையிற் காசு புழங்காது. புதிய சில்லு வாங்கும்வரை அந்த வீட்டில் தம்பியின் படிப்பும் நின்றது, அதே சைக்கிளில் மாலை வகுப்புக்குச் சென்றுவந்த அக்காளின் படிப்பும் நின்றது. மூன்று வாரங்கள் கழிந்து அவன் திரும்பி வந்தபோது, விஞ்ஞான பாடத்தில் ஓர் அலகை நாம் நடத்தி முடித்திருந்தோம். அந்த அலகின் பெயர் ‘உராய்வு’!

இதில் எமக்கு நேர்ந்த வெட்கத்தையும் வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னரே, அவன் பாடசாலை முற்றத்தில் சைக்கிளை உருட்டிச் செல்லும்போது ‘கர கர’ என்று ஓர் ஒலி எழுவதைக் கேட்டிருந்தோம். அது எங்கிருந்து எழுகிறது என்பதும் எமக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொல்லியிருந்தால் ஒரு தேக்கரண்டி கிறீசோடும் ஒரு மணி நேர வேலையோடும் முடிந்திருக்கும். அன்று சொல்லாமல் விட்டதை இன்று எல்லோருக்குமாகச் சொல்லி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருபுறமும் உப்பு

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி எனப் புத்தளம் வரையும், பாலாவியிலே பிரிந்து நுரைச்சோலை, கற்பிட்டி வரையும் செல்லும் எமது கரையோரப் பகுதி, சைக்கிள் ஓட்டுவதற்கென்றே அமைந்தது போன்ற சமதரை. மேடு பள்ளம் இல்லை. ஏறி மிதித்தால் காற்று ஒன்றுதான் எதிரி. ஆனால் அந்தக் காற்றுச் சாமானியமானதன்று. கற்பிட்டித் தீபகற்பத்துக்கு மேற்கே கடல், கிழக்கே களப்பு. எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதில் உப்பு இருக்கும். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வீசும் சோழகம் உப்போடு மணலையும் வாரி இறைக்கும்.

உப்பு இரும்பைக் கெடுக்கும் விதத்தைத் தாய்மார்கள் எம்மைவிட நன்கு அறிவார்கள். மழைக் காலத்தில் அடுக்களை உப்புச் சாடி தானாகவே கசிந்து நீர் கோத்துக்கொள்வதை அவர்கள் நாளும் காண்கிறார்கள். காற்றிலுள்ள ஈரப்பதன் நூற்றுக்கு 75 என்னும் அளவைக் கடந்ததும் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. கடலுப்பிற் கலந்திருக்கும் மகனீசிய உப்புகளோ அதனிலும் வறண்ட காற்றிலேயே கசியவல்லன. கடற்கரையில் இரவு நேர ஈரப்பதன் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேயே நிற்கும். ஆகவே சைக்கிளின் இடுக்கில் ஒட்டிய உப்புத்தூள், மழை பெய்யாத நாளிலும் தன்னைச் சுற்றித் தானே ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் உருக்கு விரைவாகக் கறள் பிடிக்கும்.

மணலின் கேடு வேறு வகை. கடற்கரை மணலில் மிகுதியாக உள்ள படிகக் கல் உருக்கையே தேய்க்க வல்லது. அது உள்ளே புகுந்து கிறீசோடு கலந்துவிட்டால், கிறீஸ் வழுக்குவதற்குப் பதிலாக அரைக்கத் தொடங்கிவிடும். கத்தி தீட்டுகிறவர் கல்லின்மேல் எண்ணெய் விட்டுத் தீட்டுவதை நினைத்துப் பாருங்கள். சில்லின் உள்ளே நடப்பதும் அதுவேதான்.

மீன் பெட்டியைக் கரியரில் வைத்துக் கட்டி விற்கச் செல்வோரின் சைக்கிளுக்கு மூன்றாவது தொல்லையும் உண்டு. பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் மீனின் உப்பு நீரும் நேரே பின் சில்லின் நடுவிலேதான் சொட்டுகின்றன. அவர்களுட் பலர் இன்று மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டனர். எனினும் மிதித்துச் செல்வோரும் இருக்கின்றனர். அவர்களுக்குச் சைக்கிள் நின்றால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும்.

குண்டு என்ன செய்கிறது?

சைக்கிளின் சில்லை நடுவிலே நோக்கினால் ஆரக்கம்பிகள் வந்து சேரும் குழல் ஒன்று தெரியும். வண்டிச் சில்லுக்குக் குடம் எப்படியோ, சைக்கிளுக்கு இந்த ‘ஹப்’ அப்படி. அதனூடே செல்லும் அச்சு அசையாமல் நிற்க, ஹப் அதனைச் சுற்றி ஓடுகிறது. அச்சில் இருபுறமும் ‘கோன்’ என்னும் கூம்பு மரையோடு பூட்டப்பட்டிருக்கும். ஹப்பின் இரு வாயிலும் ‘கப்’ என்னும் கிண்ணம் பதிந்திருக்கும். கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவே வட்டமாக அடுக்கியவைதாம் நாம் ‘போல்ஸ்’ என்று கடையிற் கேட்டு வாங்கும் உருக்குக் குண்டுகள்.

உரலை இழுத்து நகர்த்துவதற்கும் அதனடியில் உருளைக் கட்டைகள் வைத்து நகர்த்துவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவர்களும் அறிவர். வழுக்கும் உராய்வைவிட உருளும் உராய்வு மிகக் குறைவு. அதனை ஒரு சில்லினுள் அடக்கி வைத்ததே இந்தக் குண்டுகளின் பெருமை.

பழைய இருபத்தெட்டு அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றர் செல்வதற்குள் சுமார் 450 முறை சுற்றுகிறது. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஒருமுறை சென்றடைய ஒவ்வொரு சில்லும் பதினெட்டாயிரம் சுற்று! அத்தனை சுற்றிலும் ஓட்டுபவரின் பாரத்தையும் பின்னால் இருப்பவரின் பாரத்தையும் சுமப்பவை கடலைப் பருப்பு அளவேயான இந்தக் குண்டுகள்தாம். அதிலும் எந்த நேரத்திலும் அச்சுக்கு நேர் கீழே வரும் இரண்டு மூன்று குண்டுகளே பெரும் பங்கைத் தாங்குகின்றன.

இக்குண்டுகள் சைக்கிளில் ஏறிய வரலாறு சுவையானது. 1869 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் பாரிஸ் நகரத்தவரான சுறிறே என்பவர் குண்டுப் பெயரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு நவம்பர் 7 ஆம் திகதி பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு ஒரு சைக்கிள் பந்தயம் நடந்தது. வென்றவர் ஜேம்ஸ் மூர் என்ற ஆங்கிலேய இளைஞர். அவர் ஏறிச் சென்றது குண்டுப் பெயரிங் பூட்டிய வண்டி. கல்லும் குழியுமான பாதையில் நூற்றிருபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை அவர் பத்தரை மணி நேரத்துக்குச் சற்று மேலான பொழுதில் கடந்தார்.

ஆனால் அக்காலத்தில் எல்லாக் குண்டுகளையும் ஒரே அளவாகச் செய்வது பெருஞ் சிரமமாயிருந்தது. 1883 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஷ்வைன்பூர்ட் நகரில் பிரெடரிக் பிஷர் என்பவர் உருக்குக் குண்டுகளை ஒரே அளவாகவும் உருண்டையாகவும் அரைத்தெடுக்கும் பொறியை அமைத்த பின்னரே அத்தொல்லை தீர்ந்தது. இதனை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்துக் குண்டுகளுள் ஒன்று மயிரிழை பெரிதாயிருந்தாலும், அது கீழே வரும்போது மற்றவை சும்மா இருக்கப் பாரம் முழுவதும் அதன்மேல் விழுகிறது. அது உடைகிறது, அல்லது கிண்ணத்தைக் குடைகிறது. ஆகவே தேய்ந்த எட்டுக் குண்டுகளோடு புதிய இரண்டைச் சேர்த்துப் போடுவது பிஷர் தீர்த்து வைத்த தொல்லையை நாமே மறுபடியும் விலைக்கு வாங்குவதாகும். மாற்றினால் ஒரு சில்லின் குண்டுகள் அனைத்தையும் ஒரே பொதியிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும்.

ஒலியைக் கொண்டு நோய் அறிதல்

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, சைக்கிளைக் கழற்றுமுன் அது சொல்வதைக் கேட்கப் பழகவேண்டும். ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை அறியச் சில எளிய வழிகள் உள்ளன.

முதலாவது: ஓடிக்கொண்டிருக்கும்போது மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள். ஒலி தொடர்ந்தால் குற்றம் சில்லில்; நின்றுவிட்டால் குற்றம் பெடலில் அல்லது பெடல் தண்டுகள் பூட்டிய நடு அச்சில். மிதிக்காதபோது பின்புறத்தில் எழும் ‘டிக் டிக்’ என்ற ஓசை நோயன்று; அது பிறீவீலின் இயல்பான பேச்சு.

இரண்டாவது: ஒலியை எண்ணிப் பாருங்கள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சாதாரண சைக்கிளின் பின் சில்லு ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். பெடலின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மாத்திரம் ‘டக்’ என்று கேட்டால் சில்லைக் கழற்ற வேண்டியதில்லை. வலக்காலை எடுத்துவிட்டு இடக்காலால் மட்டும் மிதியுங்கள்; பின்னர் மாற்றி மிதியுங்கள். எந்தப் பெடலில் கால் இல்லாதபோது ஒலி மறைகிறதோ அந்தப் பெடலிலேயே குற்றம். பழைய வகைச் சைக்கிள்களில் பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் ஆப்பு ஆணி தளர்ந்தாலும் இப்படி ஒலிக்கும். ஆணி தளர்ந்ததைப் பெயரிங் பழுது என்று எண்ணி நடு அச்சையே கழற்றி வீண் செலவு செய்தோரை நாம் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது: சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி, றிம்மைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ‘லொட லொட’ என்று ஆடினால் கோன் தளர்ந்துள்ளது. பின்பு சில்லை மெல்லச் சுற்றிவிட்டு, மறு கையின் விரல்களை முன் கவையின்மேல் வைத்துப் பாருங்கள். நல்ல சில்லு சுற்றும்போது விரலுக்கு ஒன்றும் தெரியாது. மணல் புகுந்த சில்லு சுற்றினால், அரிசி மா அரைக்கும் திருகையைத் தொட்டதுபோல் ஓர் அதிர்வு தெரியும். காதுக்குக் கேட்பதற்குப் பல நாட்கள் முன்னரே விரலுக்கு இது தெரிந்துவிடும்.

நான்காவது கழுத்து, அதாவது ஹாண்டில் திரும்பும் இடம். முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் ஆட்டம் தெரிந்தால் அங்கே தளர்வு. இனி முன் சில்லை உயர்த்தி ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் அது தட்டி நின்றால் கிண்ணம் குழிந்துவிட்டது. கழுத்துக் குண்டுகள் முழுச் சுற்று ஓடுவதில்லை. ஒரே இடத்தில் நின்று பாதையின் அதிர்ச்சியையெல்லாம் ஏற்பதால் இக்குழி உண்டாகிறது. இத்தகைய ஹாண்டில் கைக்கு அடங்காது. பேரூந்துகள் விரையும் புத்தளம் வீதியிலே இதனை ஒருநாளும் அலட்சியம் செய்யலாகாது.

திறந்து பார்ப்போம்

முன் சில்லு மாணவர்களும் தாமே செய்யக்கூடிய வேலை. வேண்டியவை: சாதாரண ஸ்பனர் ஒன்று, கோனைப் பிடிப்பதற்கேற்ற மெல்லிய ஸ்பனர் ஒன்று, சிறிது மண்ணெண்ணெய், பழைய பற்தூரிகை, துணி, நல்ல கிறீஸ். மண்ணெண்ணெயை அடுப்பண்டை கொண்டு செல்லாமல் வெளியில் வைத்தே பயன்படுத்துக. சிறுவர்கள் பெரியோர் அருகிருக்கச் செய்க.

எமது வீடுகளின் முற்றமெல்லாம் மணல். முற்றத்தில் வைத்துக் கழற்றினால் விழுந்த குண்டு விழுந்ததுதான். அகப்பட்டாலும் மணலோடுதான் அகப்படும். ஆதலால் திண்ணையிலோ சீமெந்துத் தரையிலோ ஒரு வெள்ளைத் துணியை அல்லது கடதாசியை விரித்துக்கொண்டு அமருங்கள். சில்லைக் கழற்றி அதன்மீது வையுங்கள்.

ஒரு பக்கத்துக் கோனை மாத்திரம் கழற்றவேண்டும். மறுபக்கத்தைத் தொடாமல் விட்டால் அச்சு மீண்டும் பழைய இடத்திலேயே நடுவாக அமரும். கோனை மெல்லிய ஸ்பனரால் அசையாமல் பிடித்து, வெளியிலுள்ள லொக் நட்டைத் தளர்த்தி, இரண்டையும் கழற்றியபின் அச்சை மறுபக்கமாக மெல்ல இழுங்கள். குண்டுகள் உதிரும், எண்ணி வையுங்கள். பழைய ஆங்கில வகைச் சைக்கிள்களில் முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்தாக இருபது குண்டுகள். ஒவ்வொன்றும் 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டு. ஒவ்வொன்றும் 1/4 அங்குலம். நடு அச்சில் 1/4 அங்குலக் குண்டுகள் பக்கத்துக்குப் பதினொன்று. வேறு வகைச் சைக்கிள்களில் அளவு மாறக்கூடும். சில வற்றில் குண்டுகள் ஒரு தகட்டு வளையத்துள் கோத்திருக்கும். ஆகையால் கடைக்குச் செல்லும்போது பழைய குண்டையும் கோனையும் கையோடு கொண்டு செல்வதே புத்தி.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் இட்டுத் தூரிகையாற் கழுவித் துடையுங்கள். இப்பொழுது பரிசோதனை. நல்ல குண்டு கண்ணாடிபோல் மின்னும். மங்கியோ புள்ளி விழுந்தோ இருப்பது கழிவு. கோனைச் சுற்றிக் குண்டுகள் ஓடிய தடம் ஒரு பளபளத்த கோடாகத் தெரியும். அது வழவழப்பாயிருந்தால் குற்றமில்லை. ஐயமிருந்தால் எழுதுகோலின் முனையைத் தடத்தின்மேல் மெல்ல ஓட்டுங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கே குழி. குழி விழுந்த கோனை உடனே மாற்றிவிடுங்கள். கோன் மலிவானது, எளிதில் மாற்றத்தக்கது. ஹப்போடு பதிந்த கிண்ணம் அப்படியன்று. குழிந்த கோனோடு மேலும் சில மாதங்கள் ஓடினால் கிண்ணமும் குழியும். பின்னர் ஹப்பை அல்லது சில்லையே மாற்ற நேரும். எமது மாணவனுக்கு நேர்ந்தது அதுவே. அவனது ஹப்பைத் திறந்தபோது இருபது குண்டுகளுள் முழுமையாக இருந்தவை ஏழு. மற்றவை துண்டும் கறள் மாவும்.

சுத்தம் செய்து உலர்ந்தபின் கிண்ணத்தில் தாராளமாகக் கிறீஸ் பூசுங்கள். குண்டுகளை ஒவ்வொன்றாக அதிற் பதித்து வையுங்கள். கிறீஸ் அவற்றை விழாமற் பிடித்துக்கொள்ளும். ஒரு குண்டும் நுழையாதபடி நெருக்கி அடுக்கவேண்டாம். சிறிது இடைவெளி இருந்தால்தான் அவை ஒன்றோடொன்று உரசாமல் உருளும். இருபுறமும் அடுக்கி முடிந்ததும் அச்சை மெல்லச் செருகிக் கோனைத் திருகுங்கள்.

கிறீசுக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் விடும் வழக்கம் தென்னை மிகுந்த எமது பகுதியில் இன்றும் உண்டு. இரண்டு நாட்களுக்கு ஒலி அடங்கும் என்பது மெய்தான். ஆனால் அது விரைவில் வழிந்து போகும். எஞ்சியது நாட்பட்டுச் சிக்குப் பிடித்து மணலை அணைத்துக்கொள்ளும். அதில் உண்டாகும் அமிலம் உருக்குக்கும் ஆகாது. கழற்றாமலே ஹப்புக்குள் மண்ணெண்ணெய் பீய்ச்சுவது அதனினும் கேடு. அது இருக்கும் கிறீசையும் கரைத்துவிட்டு அழுக்கை உள்ளேயே விட்டுவிடும். கிறீசிலும் நீருக்குக் கரையாத வகையைக் கேட்டு வாங்குங்கள். சோடியம் கலந்த பழைய வகைகள் நீர் பட்டால் கெடும், கல்சியம் அல்லது லிதியம் கலந்தவை நிலைக்கும்.

இறுக்கமும் தளர்வும்

வேலையின் உயிர் இனித்தான் இருக்கிறது. கோனை விரலால் குண்டுகளைத் தொடும்வரை திருகுங்கள். தொட்டதும், ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு அளவு பின்னுக்குத் திருப்புங்கள். பிறகு கோனை மெல்லிய ஸ்பனரால் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்குங்கள். நட்டை இறுக்கும்போது கோனும் சேர்ந்து திரும்பிவிடுவது புதியவர்களுக்கு வழமையாக நேரும் பிழை. முதல் முறையே சரிவராது. மூன்று நான்கு முறை திருத்தித் திருத்திப் பார்க்கவேண்டும். எமக்கும் அப்படித்தான்.

அதிகம் இறுக்கினால் குண்டுகள் உருளாமல் நசுங்கி, சில்லு கனக்கும், தடம் குழியும். அதிகம் தளர்த்தினால் ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு குண்டுகளைச் சுத்தியல்போல் அடிக்கும். சரியான நிலை எதுவென்று அறிய ஓர் அழகான சோதனை உண்டு. சில்லை முன் கவையிற் பூட்டி, தரையிற் படாமல் உயர்த்தி, ரியூப்பின் வால்வு பக்கவாட்டில் வரும்படி நிறுத்திக் கையை எடுத்துவிடுங்கள். வால்வு பக்கம் சற்றே பாரம் கூடியது. பெயரிங் சரியாக இருந்தால் அந்தச் சிறு பாரமே சில்லைத் திருப்பும். வால்வு கீழே இறங்கி, ஊசல்போல் முன்னும் பின்னும் ஆடி, பின்னர் அடங்கும். அப்படி ஆடியும், றிம்மைப் பிடித்து அசைத்தால் லொடலொடப்பு இல்லாமலும் இருந்தால் வேலை வெற்றி.

பின் சில்லின் முறையும் இதுவே. ஆனால் வலப்புறக் குண்டுகள் பிறீவீலுக்கு உட்புறம் மறைந்துள்ளன. பிறீவீலைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். நடு அச்சின் வலப்புறக் கிண்ணமும் இடப் பெடலின் மரையும் பெரும்பாலான சைக்கிள்களில் தலைகீழாகத் திரும்புபவை. அறியாதோர் வழக்கமான திசையில் திருகி மேலும் இறுக்கிவிடுவர். இவ்விரண்டையும் முதல் தடவை சைக்கிள் கடையிற் கொடுத்து, அருகிருந்து பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. புதிய விலையுயர்ந்த சைக்கிள்கள் சிலவற்றில் முழுதும் மூடிய பெயரிங் வரும். அதனைத் திறந்து சீர்செய்வதற்கில்லை; கரகரத்தால் முழுதாக மாற்றவேண்டும். அத்தகைய சைக்கிளைக் கழுவும்போது தண்ணீரை வேகமாக ஹப்பின்மீது பீய்ச்சாதிருந்தாலே அதன் ஆயுள் நீளும்.

எப்பொழுது, எத்தனை முறை?

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே பெற்றோல் என்ற நிலை வந்தது. வீடுகளின் பின்புறத்தில் ஓலைகளுக்கும் விறகுக்கும் நடுவே கிடந்த பழைய சைக்கிள்களை எல்லோரும் வெளியே இழுத்தார்கள். அவற்றுட் பல அசையவேயில்லை. ஓடித் தேய்ந்தவற்றைவிட ஓடாமல் உப்புக் காற்றில் நின்றவையே அதிகம் கெட்டிருந்தன. எமது ஊர்ச் சைக்கிள் கடை நானாவின் வாசலில் அந்நாட்களில் வரிசை நின்றது. அவர் அன்று சொன்ன சொல் எமது மனதிற் பதிந்துவிட்டது:

“கத்துற சில்லுக்குக் கிறீஸ் போதும், சேர். கத்தி ஓஞ்ச சில்லுக்குத்தான் காசு வேணும்.”

எமது பகுதியின் பருவத்துக்கு ஆண்டில் இரு தடவை போதுமானது. சோழகத்தின் மணல் ஓய்ந்து மாரி மழை தொடங்குமுன், செப்டெம்பர் இறுதியில் ஒரு தடவை. மழை விட்டபின் ஜனவரியில் ஒரு தடவை. மீன் பெட்டி சுமக்கும் சைக்கிளும் உப்பளப் பாதையில் நாளும் செல்லும் சைக்கிளும் இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை திறக்கப்பட வேண்டும். கடல் நீரிலோ களப்பு நீரிலோ சில்லு அச்சுவரை அமிழ்ந்துவிட்டால் நாள் பார்க்கவேண்டாம், அன்றே திறந்துவிடுங்கள்.

இது ஆண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கவும் வேண்டாம். எமது மாணவனின் வீட்டில் இன்று ஹப்பைக் கழற்றிப் பூட்டுபவள் அவனுடைய அக்காள். பொறுமையோடு கோனைச் சரிசெய்வதில் தம்பியைவிட அவள் கை நேர்த்தியானது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். நாமும் பாடத்தைத் திருத்திக்கொண்டோம். ‘உராய்வு’ என்னும் அலகை இப்பொழுது கரும்பலகையில் தொடங்குவதில்லை. சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில், மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் சில்லைச் சுற்றிவிட்டு விரல் வைத்துப் பார்ப்பதில் தொடங்குகிறோம். கரகரக்கும் சைக்கிளுக்குரியவரின் பெயர் கரும்பலகையின் மூலையில் எழுதப்படும். ஒரு வாரத்துக்குள் அது அழிக்கப்பட வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். ஒருமுறை அங்கே எமது பெயரும் இருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதிய உணவு முடிந்து வெயில் சாயும் நேரத்தில் வீட்டுச் சைக்கிளின் முன் சில்லை உயர்த்தி ஒருமுறை சுற்றிவிட்டு, விரலை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரிந்தால், விரிப்பதற்குக் கடதாசி தேடி அலைய வேண்டாம். வீட்டார் எல்லோரும் படித்து முடித்திருந்தால் இந்தப் பக்கத்தையே திண்ணையில் விரித்துக்கொண்டு குண்டுகளை எண்ணத் தொடங்கலாம்.